மேட்டூர்த் தண்ணீரின் பின்னால் கும்பகோணத்தில் நான்கு நாள்

முதல் நாள், வியாழன், ஜூலை 31, 2025

ஜூன் 12 எங்கள் வீட்டில் ஒரு பண்டிகை. அப்பா மேட்டூர் அணையில் வேலை பார்த்தவர். அன்றைக்குத்தான் பாசனத்துக்கு அணை திறப்பார்கள். மதகைத் தூக்கும்போது பூத் தூவுவார்கள், தண்ணீர் நுரைத்துக்கொண்டு கிளம்பும். சின்ன வயதில் அப்பாவின் தோளில் உட்கார்ந்து அதைப் பார்த்திருக்கிறேன். "இது எங்கப்பா போவுது?" என்று கேட்டால், "தஞ்சாவூருக்குப் போவுது கண்ணு, சோறு விளைய" என்பார். நாற்பத்து நாலு வயதாகிவிட்டது. அந்தத் தண்ணீர் போய்ச் சேர்கிற ஊரை இதுவரை நான் பார்த்ததில்லை. இந்த வருஷம் ஜூன் கடைசியிலேயே அணை முழு மட்டமான 120 அடியைத் தொட்டுவிட்டது. ஆடிப்பெருக்கு ஞாயிற்றுக்கிழமை வருகிறது. "போலாம்மா" என்றேன். அப்பாவுக்கு முழங்கால் வலி, வரமுடியாது. அம்மா ஒரே நாளில் பை கட்டிவிட்டார்.

சேலத்தில் பஸ் ஏறி, திருச்சி, தஞ்சாவூர் மாறி வந்தோம். கல்லணையோடு காவிரி ஒரே ஆறாக இருப்பது முடிந்துவிடுகிறது. காவிரி, வெண்ணாறு, கொள்ளிடம், கல்லணைக் கால்வாய் என்று அங்கேயே நாலாகப் பிரிகிறது, அப்புறம் ஒவ்வொன்றும் கிளை விட்டுக்கொண்டே போகிறது. பாலம் வரும்போதெல்லாம் அம்மா எட்டிப் பார்த்து, "இதுதான் காவேரியா தம்பி?" என்று கண்டக்டரிடம் கேட்டார். "இது வெண்ணாறும்மா." கொஞ்ச நேரம் கழித்து, "இது குடமுருட்டி." அந்தப் பையன் ஒரு தடவைகூட அலுத்துக்கொள்ளவில்லை. பாபநாசம் தாண்டியதும் இரண்டு பக்கமும் குறுவை நெல். நடவு முடிந்து பச்சை பிடித்த வயல்கள். அம்மா ஜன்னல் கம்பியைப் பிடித்தவர் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தார்.

போனில் சொல்லி வைத்த லாட்ஜில் எங்கள் அறையை வேறு யாருக்கோ கொடுத்துவிட்டார்கள். ஆடிக் கூட்டமாம். முன்பணம் வாங்கவில்லை என்பதால் பேச வாயில்லை. அறுபத்தெட்டு வயது அம்மாவை நிற்க வைத்துக்கொண்டு அலைந்தது எனக்கு ரொம்பவே வருத்தம். எதிரே இருந்த காபிக் கடையில் போய் உட்கார்ந்தோம். கல்லாவில் இருந்த பெரியவர் பைகளைப் பார்த்துவிட்டு, "முதல்ல காபி குடிங்க, ரூமைப் பத்தி அப்பறம் பேசலாம்" என்றார்.

டிகிரி காபி என்று போர்டு போட்ட கடைகளை நெடுஞ்சாலையில் எத்தனையோ பார்த்தாயிற்று. இங்கே போர்டு இல்லை. பித்தளை டபராவும் டம்ளரும் கை சுடுகிற சூட்டில் வந்தன. பாலில் தண்ணீர் கலக்காமல், முதல் இறக்கு டிகாக்‌ஷனை மட்டும் விட்டு, ஒரே ஆற்று. டம்ளர் விளிம்பில் நுரை ஒரு விரற்கடை நிற்கிறது. அது அடங்குவதற்குள் குடித்துவிட வேண்டுமாம். டிகிரி என்ற பேர் ஏன் வந்தது என்று கேட்டேன். பால்மானி வைத்துப் பாலின் டிகிரி பார்த்து வாங்கிய காலத்துப் பேர் என்றார் பெரியவர். பக்கத்து மேசைக்காரர் சிக்கரி என்பதுதான் திரிந்து டிகிரி ஆயிற்று என்றார். இருவரும் இதை வருஷக்கணக்காகப் பேசி வருகிறவர்கள் என்று தெரிந்தது. காபி முடிவதற்குள் கடைப் பையன் மகாமகக் குளத்துப் பக்கம் ஒரு வீட்டு மாடி அறையைப் பேசி முடித்துவிட்டு வந்தான். லாட்ஜைவிடச் சுத்தம்.

சாயங்காலம் குளத்துப் படியில் உட்கார்ந்திருந்தோம். சுற்றிலும் 16 மண்டபங்கள். நாயக்கர் காலத்தில் கோவிந்த தீட்சிதர் கட்டியவை. 12 வருஷத்துக்கு ஒருமுறை மகாமகம். போனது 2016, அடுத்தது 2028. மற்ற நாளெல்லாம் இது ஊர்க்காரர்களின் திண்ணை. டியூஷன் விட்ட பிள்ளைகள், பென்ஷன்காரர்கள், பூக்கட்டிக்கொண்டே பேசும் பெண்கள். இரவு அப்பா போன் செய்தார். "தண்ணி பார்த்தீங்களா?" என்றுதான் முதல் கேள்வி. ஆற்றுப் பக்கம் இனிமேல்தான் போகணும் என்றேன். எத்தனை கனஅடி திறந்திருக்கிறார்கள் என்பதை எனக்குச் சொல்லிவிட்டுத்தான் வைத்தார்.

இரண்டாம் நாள், வெள்ளி, ஆகஸ்ட் 1

ஆடி வெள்ளி. விடியற்காலையிலேயே கும்பேஸ்வரர் கோயிலில் மங்களாம்பிகை சன்னதி முன்னால் கூட்டம் வரிசை கட்டி நின்றது. கூட்டத்தில் நான் பார்க்க ஆசைப்பட்டது ஒன்றே ஒன்று, அந்தக் கோயிலில் இருக்கும் கல் நாகஸ்வரம். கல்லைக் குடைந்து செய்தது. அதைத் தூக்கி வைத்து ஊத எவ்வளவு நெஞ்சு பலம் வேண்டும் என்று எண்ணிக்கொண்டே வெளியே வந்தேன்.

பத்து மணிக்கெல்லாம் சுவாமிமலை. அறுபடை வீடுகளில் நாலாவது. தமிழ் வருஷம் அறுபதில் ஒவ்வொன்றுக்கும் ஒரு படியாக 60 படி. அம்மா ஒவ்வொரு படியிலும் வருஷப் பேரைச் சொல்லிக்கொண்டே ஏறினார். நாற்பதுக்கு மேல் நான் உதவ வேண்டியிருந்தது.

ஆனால் நான் இங்கே வந்தது கீழே தெருவில் உலோகச் சிலை வார்க்கும் பட்டறைகளுக்காக. ஒரு ஸ்தபதி வீட்டில் கேட்டதும், "வாங்கம்மா, செருப்பை மட்டும் அந்தப் பக்கம் விட்டுடுங்க" என்று உள்ளே விட்டார்கள். தாராசுரம் கோயில் வேலைக்கு வந்த சிற்பிகளின் வழி நாங்கள் என்பது இவர்கள் தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வருவது.

முதலில் பார்த்தது ஒரு தென்னை ஓலைக் கீற்று. சிலை எத்தனை உயரமோ அத்தனை நீளத்துக்கு ஓலையைக் கிழித்து, அதை மடித்து மடித்துப் பங்கு பிரிக்கிறார்கள். முகம் ஒரு பங்கு, கழுத்து இத்தனை, மார்பு இத்தனை என்று மடிப்பே கணக்கு. அடிக்கோல் எங்கேயும் கண்ணில் படவில்லை. கணக்கு டீச்சராக முப்பது வருஷம் இருந்த அம்மா அந்த ஓலையை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "சிலை பெரிசானாலும் சிறிசானாலும் விகிதம் மாறாது. ஓலை மட்டும் மாறும். பிள்ளைங்களுக்கு இதைக் காட்டியே விகிதசமம் நடத்தியிருக்கலாம்" என்றார்.

தேன்மெழுகும் குங்கிலியமும் கடலை எண்ணெயும் காய்ச்சிக் கலந்த பழுப்பு மெழுகில்தான் உருவம் பிடிக்கிறார்கள். கை தனி, கால் தனி, கிரீடம் தனி. வெயிலில் இளகாமல் இருக்கத் தண்ணீர்த் தொட்டியில் போட்டு வைத்திருக்கிறார்கள். ஒரு பையன் சூடு காட்டிய சிறு கத்தியால் அம்மன் விரல் இடுக்கைத் திருத்திக்கொண்டிருந்தான். மூச்சை அடக்கித்தான் அந்த வேலையைச் செய்கிறான், கத்தியை எடுத்த பிறகே மூச்சு விடுகிறான்.

பிறகு மண். அதைப் பார்த்த இடத்தில்தான் நான் அரை நாள் நின்றுவிட்டேன். மெழுகு உருவத்தின் மேல் முதல் பூச்சாகக் காவிரி வண்டலைச் சலித்து, அரைத்து, மெல்லிசாகப் பூசுகிறார்கள். பட்டறைப் பெரியவர் ஒரு சிட்டிகை எடுத்து என் உள்ளங்கையில் தேய்த்தார். முகத்துக்குப் போடும் மாவு போல இருந்தது. நிமிண்டிப் பார்த்தேன், ஒரு நெருடல்கூட இல்லை. "இஞ்ச பாருங்க" என்று என் கையைத் திருப்பினார். என் கைரேகை அந்த மண்ணில் அப்படியே பதிந்திருந்தது. "இதாம்மா விஷயம். மெழுகுல என்ன இருக்கோ அது மண்ணுல விழணும். நகக்கண்ணு, நெத்திப் பொட்டு, எல்லாம். வேற ஊரு மண்ணு இப்படிப் பிடிக்காது." அதன் மேல் வயல் களிமண்ணும் மணலும் கலந்து கனமாக அடுத்தடுத்த பூச்சு, கம்பிக் கட்டு, நிழலில் உலர்த்தல். காய்ந்ததும் வறட்டி மூட்டத்தில் சுட, மெழுகு உருகி ஓடிவிடும். அந்த வெற்றிடத்தில் செம்பு, பித்தளை, ஈயம், பேருக்குக் கொஞ்சம் வெள்ளியும் தங்கமும் சேர்ந்த குழம்பை ஊற்றுகிறார்கள். ஆறியதும் மண்ணை உடைத்துவிடுவார்கள். ஒரு அச்சுக்கு ஒரு சிலைதான். கண் திறப்பது எல்லாவற்றுக்கும் கடைசி.

"நீங்க எந்த ஊரு?" என்று கேட்டார். மேட்டூர் என்றேன். ஒரு நொடி என்னைப் பார்த்தார். "அணை உங்க ஊர்லதானே. முன்ன வெள்ளம் வந்து வடிஞ்சா படுகையில விரற்கடைக்கு வண்டல் படிஞ்சு கிடக்குமாம். எங்க தாத்தா சொல்லுவாரு. இப்ப தேடித்தான் எடுக்கறோம்."

குறையாகச் சொல்லவில்லை அவர். ஆனால் எனக்குச் சுருக்கென்றது. 1934-இல் அணை கட்டி முடித்த நாளிலிருந்து ஆறு கொண்டு வருகிற மண்ணில் பெரும்பங்கு எங்கள் ஊர் நீர்த்தேக்கத்துக்குள்ளேயே படிந்துகொண்டிருக்கிறது. தண்ணீர் இறங்கும் வருஷங்களில் பண்ணவாடிப் பக்கம் முழுகிப் போன நந்தியும் தேவாலயக் கோபுரமும் வெளியே தெரியும், போய்ப் பார்த்திருக்கிறோம். சுற்றிலும் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும் சேறு. அதன் மேல்தான் ஓடி விளையாடினோம். அது யாருடைய மண் என்று ஒருநாளும் நினைத்துப் பார்த்ததில்லை. அணையில்லாமல் இந்தக் குறுவை இல்லை, அதிலும் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் தண்ணீரைக் கணக்குப் பார்த்து அனுப்புகிற நாம் மண்ணைக் கணக்கில் எடுக்கவே இல்லை.

திரும்பும் வழியில் ஆற்றோரம் ஒரு வெற்றிலைக் கொடிக்கால். அகத்தி மரங்களின் மேல் கொடி ஏறி, உள்ளே நுழைந்தால் வெயிலே தெரியவில்லை. பாத்திக்குப் பாத்தி நடுவில் தண்ணீர் நிற்கிறது. கும்பகோணம் வெற்றிலைக்கு இந்த வருஷம்தான் புவிசார் குறியீடு கிடைத்தது. கொடிக்கால்காரரிடம் அதைச் சொன்னால், "நல்லதுதாங்க, மண்ணு இருந்தாத்தானே வெத்தலை" என்று வேலையைப் பார்த்தார். ஒரு கவுளி வாங்கினோம், நூறு இலை. கொழுந்து வெற்றிலை கிள்ளினால் காம்பு டக்கென்று ஒடிகிறது, காரம் நாக்கில் நிற்காமல் போய்விடுகிறது. பெரிய கடைத் தெருவில் மெல்லிசாகச் சீவிய வாசனைச் சீவல் வாங்கி, வீட்டுக்கார அம்மாவோடு மூன்று பேரும் மாடிப்படியில் உட்கார்ந்து போட்டோம். இது ஊர்ப் பழக்கமாம், இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு அரைமணி நேரம் தெருவையே பார்த்துக்கொண்டு வெற்றிலை போடுவது.

மூன்றாம் நாள், சனி, ஆகஸ்ட் 2

அம்மாவுக்காகச் சாரங்கபாணி சன்னதித் தெரு. கணித மேதை ராமானுஜன் வளர்ந்த வீடு. சின்ன ஓட்டு வீடு, திண்ணை, தெருவைப் பார்த்த ஜன்னல், அதன் பக்கத்தில் ஒரு கட்டில். சாஸ்த்ரா பல்கலைக்கழகம் பராமரிக்கிறது. ராமானுஜனின் அப்பா ஜவுளிக்கடைக் குமாஸ்தா. 1904-இல் இதே ஊர் அரசு கல்லூரியில் சேர்ந்த பையன் கணக்கைத் தவிர மற்ற பாடங்களில் மார்க் போய் உதவித்தொகையை இழந்தான். அம்மா அந்த ஜன்னல் பக்கத்திலேயே நின்றார். "என் கிளாஸ்லயும் இப்படி ஒரு பையன் இருந்தான். கணக்குல நூறு, மத்ததுல ஃபெயில். மேல படிக்க விட்டிருக்கணும், நாங்க யாரும் பேசலை" என்றார். நான் ஒன்றும் சொல்லவில்லை. வெளியே வந்ததும் பில் ஒன்றின் பின்புறம் ராமானுஜன் எண் என்று சொல்கிற 1729-ஐ எழுதி, கீழே ஒன்றின் கனமும் பன்னிரண்டின் கனமும், ஒன்பதின் கனமும் பத்தின் கனமும் என்று இரண்டு வழியாகவும் கூட்டிக் காட்டினார். ஆட்டோக்காரர் காத்திருந்து பார்த்துவிட்டு, "அட, சரியா வருதே" என்றார்.

மத்தியானத்துக்கு மேல் தாராசுரம். இரண்டாம் ராஜராஜன் கட்டியது, 12-ஆம் நூற்றாண்டு. தஞ்சைப் பெரிய கோயிலோடு உலகப் பாரம்பரியச் சின்னமாக 2004-இல் சேர்ந்தது. தஞ்சாவூரில் நிமிர்ந்துதான் பார்க்க வேண்டும். இங்கே குனிந்து பார்க்க வேண்டும். அறுபத்து மூவர் கதை ஒவ்வொன்றும் ஒரு சாண் உயரக் கல்லில் சுவரைச் சுற்றி ஓடுகிறது. தேர் போல அமைந்த மண்டபத்தை இழுக்கும் குதிரை, ஒரே தலையோடு, ஒரு பக்க உடலை மறைத்தால் யானையாகவும் மறுபக்கத்தை மறைத்தால் காளையாகவும் தெரியும் சிற்பம் என்று எல்லாரும் காட்டுகிற இடங்களை நாங்களும் பார்த்தோம். எனக்குப் பிடித்தது அதையெல்லாம் விட, தரையோரம் பதித்த அந்தச் சிறு உருவங்கள்தான். சிலவற்றில் முகம் தேய்ந்துவிட்டது, ஆனால் நிற்கிற நிலை மட்டும் இன்னும் என்ன நடக்கிறதென்று சொல்கிறது.

கோயில் இன்றைய தரைமட்டத்துக்குக் கீழே இருக்கிறது. மழைக்குத் தண்ணீர் தேங்கிவிடும் என்று காவலர் சொன்னார். சுற்றி இருக்கிற நிலம் எண்ணூறு வருஷத்தில் மேடேறிவிட்டது. அரசலாறு பக்கத்தில்தான். என்னவோ எனக்கு அது ஆற்றின் கையெழுத்தாகத்தான் தெரிந்தது.

சாயங்காலம் நாச்சியார்கோவில். குத்துவிளக்குப் பட்டறைத் தெரு முழுக்கக் கடைசல் சத்தம். கீழ்ப்பாகம், தண்டு, தட்டு, மேலே அன்னம் என்று பாகம் பாகமாக வார்த்துத் திருகில் பூட்டுகிறார்கள். வார்ப்பு மண் எது என்று கேட்க வாயெடுத்தேன். கேட்பதற்கு முன்பே அம்மா குனிந்து கையில் எடுத்துவிட்டார். "அதே மண்ணுதான்" என்றார். பட்டறைக்காரர் சிரித்தார், "ஆமாங்கம்மா, காவேரி வண்டல்." ஒரு அடி உயர விளக்கு வாங்கினோம். இந்த ஊர்ப் பெருமாள் கோயில் கருடனைப் பார்க்க நேரமில்லை. கல் கருடன் வெளியே எழுந்தருளும்போது முதலில் நாலு பேர் தூக்குகிற கனம், வெளியே வர வர எட்டு, பதினாறு, முப்பத்திரண்டு என்று ஆள் ஏறும் என்பார்கள். மார்கழியிலோ பங்குனியிலோ ஒருமுறை வரவேண்டும்.

நான்காம் நாள், ஞாயிறு, ஆகஸ்ட் 3

ஞாயிற்றுக்கிழமை சில கடைகளில் இட்லிக்குக் கடப்பா கிடைக்கும் என்று காபிக்கடைப் பெரியவர் முதல் நாளே சொல்லி வைத்திருந்தார். பாசிப்பருப்பும் உருளைக்கிழங்கும் வெந்து குழைந்து, தேங்காயும் சோம்பும் அரைத்து விட்டது. சாம்பாரோ குருமாவோ என்று சொல்ல முடியாது. பூண்டும் பட்டையும் கடைசியில் லேசாக வருகின்றன. இட்லியை அதில் மூழ்கவிட்டுச் சாப்பிட வேண்டும். அம்மா செய்முறை கேட்டு எழுதிக்கொண்டார், இரண்டாவது கரண்டி அவர் கேட்கவில்லை, நான் மூன்றாவதும் கேட்டேன்.

பகவத் படித்துறைக்குப் போகும்போது ஒன்பது மணி. தெருவிலேயே கூட்டம். பட்டுப்பாவாடை கட்டிய சின்னப் பெண்கள், மரச் சப்பரத்தைக் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு ஓடும் பையன்கள். சப்பரத்துக்குள்ளே சாமி படம், கலர்க் காகிதம். ஒரு பையனின் சக்கரம் கழன்றுவிட, அவன் அழுவதற்குள் நாலு பேர் உட்கார்ந்து ஆணி அடித்துவிட்டார்கள்.

காவிரி கரை தொட்டு ஓடிக்கொண்டிருந்தது. கடைசி மூன்று படி தண்ணீருக்குள். பெண்கள் வாழையிலையில் மஞ்சள், குங்குமம், காதோலை கருகமணி, பழம், வெற்றிலை வைத்து விளக்கேற்றி, ஆற்றில் விட்டார்கள். சிலர் கொண்டு வந்த புளிச்சோறும் தேங்காய்ச் சோறும் சர்க்கரைப் பொங்கலும் எங்கள் கைக்கும் வந்தன. பெயர் கேட்காமலே ஒரு ஆத்தா அம்மாவின் கழுத்தில் மஞ்சள் சரடைக் கட்டி, "நல்லாருங்க" என்றார். அம்மா படியோரத்தில் கை விட்டு ஈர மண்ணை அள்ளிப் பிள்ளையார் பிடித்தார். தும்பிக்கையை நகத்தால் ஒரு கீறு. மண் பிளக்காமல் நின்றது.

அப்பாவுக்கு வீடியோ கால் போட்டேன். முதலில் அம்மாவைக்கூடப் பார்க்கவில்லை. "தண்ணியைக் காட்டு." காட்டினேன். கூட்டத்தை விலக்கிக்கொண்டு இன்னும் கீழ்ப்படிக்கு இறங்கினேன். "என்ன நிறமா இருக்கு?"

"கலங்கலா இருக்குப்பா. செம்மண் கலந்த மாதிரி."

"நம்ம மதகுல வர்றது தெளிஞ்ச தண்ணி கண்ணு, மண்ணு உள்ளேயே தங்கிடும். அப்ப இது கீழ வந்து சேர்ந்தது. பவானி, நொய்யல், அமராவதி, வழியில இருக்கிற ஓடை எல்லாம்." கொஞ்ச நேரம் பேசாமல் திரையையே பார்த்தார். "கையில எடுத்துக் காட்டு."

குனிந்து ஒரு கை தண்ணீரை அள்ளிப் போன் முன்னால் பிடித்தேன். விரலிடுக்கில் தண்ணீர் வடிந்துவிட்டது. உள்ளங்கையில் மெல்லிசாக ஒரு பூச்சு தங்கியது. ரேகைக்குள் ரேகையாக.